மூளையைக் காப்பது கீரையா, மாத்திரையா?

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டப்பாவை ஒரு மாதம் கழித்துத் திறந்தால் குப்பென்று சிக்கு வாடை அடிக்கும். எண்ணெயிலுள்ள கொழுப்பு காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடுவதால் வரும் வாடை அது. ஏறக்குறைய இதே வேதிவினை நம் மூளைக்குள்ளும் நடக்கிறது.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. நரம்புச் செல்களின் சவ்விலோ எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். செல்கள் ஆற்றலைத் தயாரிக்கும்போது கிளம்பும் ஃப்ரீ ரேடிக்கல்கள் அந்தச் சவ்வை அரிக்கின்றன. அவற்றை அடக்குபவையே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். முதுமைக்கே இந்த அரிப்புதான் காரணம் என்று 1956-ல் அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் எழுதினார்.

நம்பிக்கை தந்தவை எலிகள். பாஸ்டனில் ஜேம்ஸ் ஜோசப் குழுவினர் 19 மாத வயதான கிழட்டு எலிகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட்கள் நிறைந்த ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பசலைக்கீரைச் சாறுகளை உணவில் கலந்து 8 வாரம் கொடுத்தார்கள். நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவை தேறின. சுழலும் கம்பியில் தடுமாறாமல் நிற்பதில் ப்ளூபெர்ரி தின்றவை முந்தின. 1999-ல் முடிவு வெளியானது.

அப்படியானால் அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் போதாதா? போதவில்லை. 7,500-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ, செலினியம் மாத்திரைகள் மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2017-ல் தெரியவந்தது. ஃபின்லாந்தில் நடந்ததோ கவலைக்குரியது: 29,133 புகைபிடிக்கும் ஆண்கள் பங்கேற்ற ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

சிகாகோவில் 960 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, தினமும் ஒரு கை கீரை, இலைக் காய்கறிகள் சாப்பிட்டவர்களின் மூளை, அவற்றை அரிதாகச் சாப்பிட்டவர்களின் மூளையைவிட 11 வயது இளமையாக இருப்பதுபோல் தெரிந்தது. கீரை சாப்பிடுகிறவர்கள் மற்றப் பழக்கங்களிலும் கவனமாக இருப்பார்கள் என்பதால் எல்லாப் பெருமையையும் கீரைக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் என் கணக்கில் சந்தேகமில்லை: கீரையில் லூட்டீன், ஃபோலேட், வைட்டமின் கே எல்லாம் கூட்டாக வருகின்றன; மாத்திரையில் ஒன்று மட்டும், அதுவும் மிகையான அளவில்.

ஞாபகசக்தி மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் தினம் ஒரு கட்டுக் கீரை வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கீரையைக் கூட்டுங்கள். வைட்டமின் ஈ மாத்திரையை அவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது, ரத்தக்கசிவு ஏற்படலாம்.