'குடுக்கத வாங்கிக்க' என்ற பேச்சு இனி வேண்டாம்

"நம்ம ஊர்ப் பயதானல? வந்து எடு. கல்யாணம் முடியட்டும், குடுக்கத வாங்கிக்க."

தூத்துக்குடி மாவட்டத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகும் நம் இளைஞர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. டவுனிலிருந்து வரும் ஸ்டுடியோக்காரரிடம் "உங்க ரேட்டு என்ன?" என்று கேட்கிறவர்கள், காலனிப் பையனிடம் ரேட்டே கேட்பதில்லை. தொகையை அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். நாமும் கூச்சத்தில் தலையாட்டி விடுகிறோம்.

இந்தக் கூச்சம் நேற்று வந்ததல்ல. பறை அடித்த நம் தாத்தாவும், சாவுச் சேதி சொல்ல நடந்த நம் பெரியப்பாவும் தங்கள் வேலைக்கு விலை சொன்னதில்லை. களத்தில் அளந்து போட்டதுதான் கூலி. மராட்டியத்தில் மகர் மக்களைக் கட்டிப்போட்ட 'வதன்' முறையும் இதே கதைதான். ஊர் வேலை அத்தனையும் செய்ய வேண்டும். ஊரார் மனம் வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முறையை மாற்ற அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது சட்டப்படி ஒழிய 1958 வரை ஆனது. தயவாக வருவது கூலி ஆகாது என்பதை அந்தப் போராட்டம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது.

கேமரா எந்தச் சாதிக்கும் குலத்தொழில் அல்ல. இதற்கு விலை சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால், விலையை வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். கேமரா, லென்ஸ், ஃபிளாஷ், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 3,00,000 ரூபாய் என்று வைப்போம். ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 60,000. ரிப்பேர், ஹார்டு டிஸ்க், வாடகை, போன் செலவு வருடத்துக்கு இன்னொரு 60,000. வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 வேண்டுமென்றால் வருடத்துக்கு 2,40,000. ஆக மொத்தம் 3,60,000.

வருடத்துக்கு எத்தனை கல்யாணம் கிடைக்கும்? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கடற்கரை ஊர்களில் தவக்காலத்தில் கோயில் கல்யாணம் அநேகமாக நடப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. இத்தனையும் போக 30 கல்யாணம் என்று வைத்தால், ஒரு கல்யாணத்துக்கு 12,000 ரூபாய் விழுகிறது. அதோடு உதவியாளர் சம்பளம், பெட்ரோல், ஆல்பம் ஆகியவற்றுக்கு 9,000 சேர்த்தால் 21,000. இதுதான் அடக்க விலை.

இதே வேலையை 15,000க்கு ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? கைச்செலவு 9,000 போகும். கருவிக்கும் கடைக்கும் 4,000 போகும். மிஞ்சுவது 2,000. முதல் நாள் நலங்கு, கல்யாண நாள், அப்புறம் ஐந்து நாள் எடிட்டிங் என ஏழு நாள் உழைப்புக்கு அந்த 2,000தான். நாளுக்கு 286 ரூபாய்கூட முழுசாக வராது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். கடன் வாங்கிக் கேமரா எடுத்தவர், மண்வெட்டி பிடித்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக்கூடப் பார்க்கவில்லை.

நம் சனத்தின் வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படி 21,000 கேட்பது என்று மனசு கேட்காது. சரிதான். அங்கே கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கலாம். ஆல்பத்தைச் சிறிதாக்கலாம், தாலி கட்டும் நேரம் மட்டும் எடுக்கலாம். அதற்கும் ஒரு விலைப்பட்டியல் எழுதி வைப்போம். யார் கேட்டாலும் ஒரே பட்டியலை நீட்டுவோம்.

ஒப்பந்தமும் தாளில் இருக்கட்டும். பாதிப் பணம் முன்பணம், மீதியில் பெரும்பகுதி கல்யாணத்துக்கு முன், கடைசித் தொகை ஆல்பம் கொடுக்கும்போது. "மொய் எண்ணி முடிச்சதும் தாரோம்" என்ற வார்த்தையை நம்பி நடந்து தேய்ந்த செருப்புகள் போதும். இன்னொன்று, 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் உரிமையாளர். விளம்பரத்துக்கு அந்தப் படங்களைப் போட வேண்டுமென்றால் அதையும் எழுதி வாங்க வேண்டும்.

பேரம் பேசுவது குற்றமல்ல. ஆனால் விலை சொன்னதற்காக, "அவனுக்கு இவ்வளவு திமிரா, இனி யாரும் கூப்பிடாதீங்க" என்று ஊர் கூடித் தடுத்தால் அது வேறு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. பட்டியலினத்தவர் என்பதற்காக ஒப்பந்த வாய்ப்பை மறுப்பதும், மற்றவரோடு வழக்கமாகச் செய்யும் நிபந்தனையில் தொழில் செய்ய மறுப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கவனத்துக்கும் கொண்டுபோகலாம்.

முதலுக்குக் கந்துவட்டியை நாடவும் வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேமரா வாங்கும் தம்பி தங்கைகளே, அதை இயக்கக் கற்கும் நாளிலேயே ஒரு நோட்டில் உங்கள் அடக்க விலையையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை "குடுக்கத வாங்கிக்க" என்று யாராவது சொன்னால், "என் ரேட்டு இது, அண்ணாச்சி" என்று அந்தத் தாளைக் கொடுங்கள். நம் வீட்டில் விலை சொல்லும் முதல் தலைமுறை நீங்கள்தான்.