கடல் எந்தப் பக்கம்?

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க வீட்டுலேருந்து பள்ளிக்கூடம் வர்ற வழியை வரைஞ்சு காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் படம் வந்துவிடும். தெரு, வானத்திலிருந்து பார்த்ததுபோல இரண்டு கோடுகளாகப் படுத்திருக்கும். தெருவோர வீடுகள் கூரையும் கதவும் ஜன்னலுமாக நிமிர்ந்து நிற்கும். எதிர்வரிசை வீடுகள் தலைகீழாகத் தொங்கும். கரையில் ஏற்றி வைத்த படகு பக்கவாட்டில் தெரியும். பிள்ளையின் வீடு பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

"வீட்டை ஏன் கவுத்து வரைஞ்சே?" என்று திருத்தப் போகும் கையைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தில் இரண்டு பார்வைகள் இருக்கின்றன. ஒன்று, தெருவில் நடந்து வரும் பிள்ளையின் பார்வை. மற்றொன்று, அந்தப் பிள்ளை ஒருநாளும் ஏறிப் பார்த்திராத உயரத்திலிருந்து கீழே நோக்கும் பார்வை. தெருவை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. நடந்த நடையையெல்லாம் சேர்த்துவைத்து மூளையே ஒரு மாடியைக் கட்டி, அதன்மேல் ஏறி நின்று பார்க்கிறது. வீடுகளும் படகும் இன்னும் அந்த மாடிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

1987இல் ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஓர் அறை, பக்கத்திலேயே அதே அறையின் குட்டி மாதிரி. மாதிரியிலிருக்கும் குட்டி நாற்காலிக்குப் பின்னால் ஒரு குட்டிப் பொம்மையைக் குழந்தையின் கண்முன்னே ஒளித்து வைப்பார். "பெரிய அறையிலும் பெரிய பொம்மை இதே இடத்துலதான் இருக்கு, போய் எடுத்துட்டு வா" என்பார். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. குட்டி அறைக்குத் திரும்பி வந்தால் குட்டிப் பொம்மை எங்கே இருக்கிறது என்று அவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஆக, மறதி காரணமல்ல. குட்டி அறை அவர்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமானாக மட்டுமே தெரிந்தது. அது ஒரு பொருள், அதே சமயம் இன்னொன்றைக் காட்டும் குறி என்று ஒரே நேரத்தில் இரண்டாகப் பார்க்க அந்த ஆறு மாத வளர்ச்சி தேவைப்படுகிறது.

குழந்தை உளவியலாளர் பியாஜேயின் காலத்திலிருந்து, ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளால் தம் கண்ணை விட்டு இன்னொரு இடத்திலிருந்து பார்ப்பதுபோல் கற்பனை செய்ய முடியாது என்று நம்பப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிளாட், டேவிட் ஸ்டீ என்ற இரு ஆய்வாளர்கள், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளிடம் நேர்மேலிருந்து எடுத்த வான்படங்களைக் கொடுத்தார்கள். இன்னும் சரியாக எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைகள் சாலையையும் வீடுகளையும் அடையாளம் காட்டினார்கள். எழுத்துக்கு முன்பே வரைபடம் வந்துவிடுகிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனால் நம் பள்ளிகளில் வரைபடம் எப்போது வருகிறது? ஸ்டேஷனரி கடையில் வாங்கும் இந்தியா அவுட்லைன் மேப்பாக வருகிறது. கங்கையை நீலத்தில் இழு, தார் பாலைவனத்தைப் புள்ளி வை, மதிப்பெண் வாங்கு. கங்கையைப் பார்த்திராத பிள்ளை, தன் ஊர்க் கழிமுகம் எந்தத் திசையில் திறக்கிறது என்று ஒருமுறைகூட வரையாமல் பள்ளியை முடித்துவிடுகிறது. தொலைவிலிருந்து தொடங்குவது தவறு என்றே நினைக்கிறேன். காலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்து, பக்கத்திலிருந்து ஒரு படம், எழுந்து நின்று நேர்மேலே குனிந்து பார்த்து ஒரு படம் வரையச் சொல்லலாம். இரண்டாவது படம் வெறும் வட்டம். "இது டம்ளரா?" என்று வகுப்பு சிரிக்கும். அடுத்து தீப்பெட்டி, செருப்பு, டிபன் பாக்ஸ். அப்புறம் வகுப்பறை: பெஞ்சுகள் செவ்வகங்கள், கதவு ஓர் இடைவெளி. அப்புறம் மொட்டைமாடி. அங்கிருந்து தெருவைப் பார்த்துவிட்டு இறங்கி வரும் பிள்ளை, அடுத்த படத்தில் வீடுகளைப் படுக்க வைத்துவிடும்.

அடுத்தது திசை. கோவளத்துப் பிள்ளைகளுக்குக் கிழக்கைக் கற்பிக்கத் தேவையில்லை. கடல்தான் கிழக்கு, சூரியன் அதிலிருந்துதான் ஏறுகிறது. கடலைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் முட்டுக்காடு, அதையும் தாண்டிச் சென்னை. வலக்கைப் பக்கம் மாமல்லபுரம். முதுகுக்குப் பின்னால் கேளம்பாக்கம். சிக்கல் தாளைக் கையில் எடுத்ததும் வருகிறது. தாளில் வடக்கு மேலே. அதனால் கடல் வலப்பக்கத்துக்குப் போய்விடுகிறது. எதிரே விரிந்து கிடக்கும் கடல் தாளில் ஏன் ஓரமாக நிற்கிறது என்று குழம்பும் பிள்ளையிடம், "தாளைத் திருப்பு" என்று சொன்னால் போதும். தாளின் கடலும் ஊரின் கடலும் ஒரே பக்கம் வரும்வரை அது தாளைச் சுற்றும். பொருந்திய கணத்தில் முகம் மலர்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இனிதான் கட்டம். ஒரு தாளில் ஓர் இடத்தை, விரலால் தொடாமல், வாய்வார்த்தையால் மட்டும் எப்படிச் சுட்டுவது? "கோயில் பக்கத்துல" என்றால் எந்தப் பக்கம்? இந்தக் கேள்விக்குக் கோவளத்துக் கரையிலேயே பழைய விடை இருக்கிறது. கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும் இடத்தில் மீன் கூடும். அதைப் 'பார்' என்பார்கள். மேலே வெறும் தண்ணீர். அடுத்த முறை அதே இடத்துக்கு எப்படிப் போவது? தமிழகக் கரையோர மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையைப் பார்த்தே இதைச் சாதித்தார்கள். ஒரு பனைமரம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு குன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் படகு ஒரு குறிப்பிட்ட கோட்டின்மேல் நிற்கிறது. கோட்டில் எங்கே என்று இன்னும் தெரியாது. வேறு பக்கம் திரும்பி ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு மேட்டையும் பார்க்கிறார்கள். அவையும் ஒன்று சேர்ந்தால் இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே வலையை இறக்கலாம். இன்று ஃபைபர் படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியும் இரண்டு எண்களைத்தான் காட்டுகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, இரண்டு எண்களால் இடத்தைச் சுட்டும் கட்டக் குறியீடு அந்நியமான பாடமல்ல.

வாசலிலும் கட்டம் கோலமாகக் கிடக்கிறது. "ஊடுபுள்ளி, ஒன்பதில் தொடங்கி ஐந்தில் நிறுத்தவும்" என்று பத்திரிகையில் போட்டிருப்பதைப் படித்து, உள்ளங்கை அளவுப் படத்தை வாசல் அளவுக்கு இழுக்கும் சிறுமி, எந்த வரிசையில் எத்தனையாவது புள்ளி என்று எண்ணித்தான் இழுக்கிறாள். செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டமும் பழக்கம். 2022 ஜூலை, ஆகஸ்டில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தது. செஸ் பலகையில் 'இ4' என்றால் உலகில் எங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே கட்டம்தான். எழுத்து குறுக்கே, எண் நெடுக்கே.

வரைபடக் கட்டத்தில் எழுத்துக்குப் பதில் இரண்டும் எண்கள். எது முதலில் என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். "தென்னைமரம் வரைக்கும் நட, அப்புறம் ஏறு" என்று சொல்லிக்கொடுக்கலாம். குறுக்கே நடந்த எண் முதலில், மேலே ஏறிய எண் பிறகு. நடக்காமல் ஏற முடியாது என்பதால் வரிசை மறக்காது. 1:50,000 அளவு வரைபடத் தாளில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். கட்டங்கள் கிலோமீட்டருக்கு ஒன்று. நான்கு இலக்கம் சொன்னால் ஒரு கிலோமீட்டர்ச் சதுரம் கிடைக்கும். அந்தச் சதுரத்தை மனத்தால் பத்துப் பத்தாகப் பிரித்து ஆறு இலக்கம் சொன்னால் 100 மீட்டர்ச் சதுரம். ஒரு தெருமுனையைக் காட்ட அது போதும்.

இந்த எண்களுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமல்லவா? வடக்கே போகும் கணக்கு பூமத்திய ரேகையிலிருந்து தொடங்குகிறது. அதன்படி கோவளம் சுமார் 1,414ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது. கடற்கரையில் நிற்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். தெற்கே கண்ணுக்கெட்டாத தூரத்தில் பூமியின் நடுக்கோடு, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் தன் ஊர். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் எண்களும் கட்டத்துக்குள் கட்டம்தான். 66 என்பது வடக்கே 12 முதல் 16 டிகிரி, கிழக்கே 80 முதல் 84 டிகிரி வரையிலான பெரிய சதுரம். அதைப் பதினாறாக வெட்டினால் டி. அதை மறுபடி பதினாறாக வெட்டினால் ஒன்றும் ஐந்தும். மாவட்டம், வட்டம், கிராமம் என்று முகவரி எழுதுவது போலத்தான். 66 டி/1 தாளும் 66 டி/5 தாளும் சந்திக்கும் 80 டிகிரி 15 நிமிடக் கோடு கோவளத்தை ஒட்டியே போகிறது. ஊரை முழுதாகப் பார்க்க இரண்டு தாள்களையும் சேர்த்து வைக்க வேண்டும். கடலோரப் பகுதிகளின் விரிவான தாள்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்காதவை. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் எல்லோருக்குமான தாள்கள் தனியாக வந்தன. இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

இந்தத் தாள்களுக்கெல்லாம் அடிப்படையான அளவை, கோவளத்துக்கு வடமேற்கே, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையில் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் சுமார் ஏழரை மைல். கையில் நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, ஏற்கப்படாமல் திரும்பிய சங்கிலி அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். ஒரு மயிரிழை நீண்டாலும் நானூறு முறை வைத்து அளக்கும்போது பிழை பெருகிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பக்கத்திலேயே வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். அந்த ஒரு கோட்டைப் பக்கமாக வைத்து முக்கோணம்மேல் முக்கோணமாக எழுப்பிக்கொண்டே போனதுதான், அரை நூற்றாண்டு கழித்து எவரெஸ்டின் உயரத்தைச் சொன்ன அளவை. ஒரு கோட்டின் இரு முனையிலிருந்தும் ஒரே பொருளைப் பார்த்தால் இரண்டு பார்வைகளும் வெட்டும் இடத்தில் அது இருக்கிறது. படகிலிருந்து பனையையும் கோபுரத்தையும் பார்த்தவரின் கணக்கைத் திருப்பிப் போட்டால் இது.

அந்த அளவையில் சிறுவர்களுக்கும் பங்கு உண்டு. 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் எட்டே மாணவர்கள். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது. பிள்ளைகள் எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதியிலிருந்து வந்தார்கள். அந்த விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதையே தன் விடுதியிலும் கொண்டுவந்தவர். மணலில் எழுதக் கற்ற சிறுவர்களின் அந்த விடுதி, தீபகற்பத்தை வரைய ஆள் கொடுத்தது. லாம்டனின் கூடவே இருந்த உதவியாளர் ஜோஷுவா டி பென்னிங் அந்த அளவைப் பள்ளியில் பயின்றவர். கோவளத்துக் கடற்கரையில் மணலுக்குக் குறைவில்லை. ஈர மணலில் குச்சியால் பத்துக்குப் பத்துக் கட்டம் கிழித்து, ஒரு கிளிஞ்சலைப் புதைத்து, இரண்டு எண்களை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால், கட்டக் குறியீட்டுப் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதியை மூளையே வைத்திருக்கிறது. 2005இல் மூளை ஆய்வாளர்கள் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் எலியின் மூளையில், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதியை ஒட்டி, விந்தையான செல்களைக் கண்டார்கள். எலி ஒரு பெட்டிக்குள் சுற்றித் திரியும்போது, ஒரே செல் சில இடங்களில் மட்டும் துடித்தது. அந்த இடங்களைத் தாளில் குறித்தபோது சீரான இடைவெளியில், சந்துசந்தாக வைத்த கோலப்புள்ளிகள்போல விழுந்தன. கட்டச் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். முன்னமே 1971இல், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் துடிக்கும் இடச் செல்களைக் கண்ட ஜான் ஓ'கீஃபுடன் சேர்த்து 2014இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2010இல் வெளியான இரு ஆய்வுகள் எலிக்குட்டிகளில் இதுபோன்ற செல்கள் எப்போது வேலைக்கு வருகின்றன என்று பார்த்தன. திசை காட்டும் செல்கள் முதலில் தேறுகின்றன. கட்டச் செல்கள் கடைசியில். வகுப்பறைக்கு இதை அப்படியே பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும், திசை முதலில், கட்டம் பிறகு என்ற வரிசை எனக்கு மனநிறைவைத் தருகிறது.

பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது: நிலத்தின் புலப்படம், தாலுகா அலுவலகத்தில் வாங்கிய எஃப்.எம்.பி. நகல். அதை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம். சர்வே கல்லிலிருந்து கல்லுக்குப் போகும் கோட்டில் எத்தனை மீட்டர் நடந்து, பக்கவாட்டில் எத்தனை மீட்டர் திரும்பினால் வரப்பின் வளைவு வரும் என்று அதில் எழுதியிருக்கும். இங்கேயும் இரண்டு எண்கள்தான். தாத்தா காலத்துக் காகிதத்தைப் பேத்தி படித்துச் சொல்வாள்.

ஆண்டு முடிவில் வகுப்பே சேர்ந்து கோவளத்துக்கு ஒரு வரைபடம் போடலாம். தேவாலயம், தர்கா, கோயில், பள்ளிக்கூடம், படகுத்துறை, பேருந்து நிற்கும் இடம், எல்லாவற்றுக்கும் ஆறு இலக்கம் எழுதி மையில் வரையலாம். கழிமுகத்தின் வாயை மட்டும் பென்சிலில் வரையச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் மணல் திட்டு அதைக் குறுக்கும். மழை வெள்ளம் வந்தால் வாய் அகலும். பருவமழை ஓய்ந்ததும் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போய், தாளைத் திருப்பிக் கடலோடு பொருத்தி, பழைய கோட்டை ரப்பரால் அழித்துப் புதிய கரையை வரைய வைக்க வேண்டும். ஓரத்தில் அன்றைய தேதியை எழுதட்டும்.