முதல் விளையாட்டுக் கணினி: பணத்தை எங்கே போடுவது?

பிள்ளைக்கு முதல் விளையாட்டுக் கணினி வாங்க லோயாட் பிளாசாவுக்குப் புறப்படும் பெற்றோர்களே, கடைக்குள் நுழையும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். பிள்ளை எந்தத் திரையில் விளையாடப் போகிறது?

1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரை என்றால் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டே போதும். காட்சிகளை வரைவது அதுதான். ஆகவே பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கே போகட்டும். ஆறு கோர் புரோசஸரும் 16 ஜிகாபைட் மெமரியும் தொடக்கத்திற்குப் போதுமானவை.

அடுத்தது பொருத்தம். ஏஎம்டி நிறுவனம் 2022-இல் அறிமுகப்படுத்திய ஏஎம்5 மதர்போர்டில் டிடிஆர்5 மெமரி மட்டுமே பொருந்தும். அதற்கு முந்திய ஏஎம்4-க்கு டிடிஆர்4 தேவை.

இப்போதைக்குக் கார்டு வாங்க வசதியில்லையா? ரைசன் 5 5600ஜி புரோசஸரில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. எளிய விளையாட்டுகளை அதிலேயே ஆடலாம். கார்டைப் பிறகு சேர்க்கலாம். பெயரில் ‘ஜி’ இல்லாத 5600-ஐ வாங்கினால், கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

கடைசியாக, பலரும் மிச்சம் பிடிக்கும் பவர் சப்ளை. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருவது இதுதான். தரமற்றது பழுதானால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்தே கெடுத்துவிடலாம். கார்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வாட் அளவைப் பார்த்து, சில ஆண்டு உத்தரவாதம் உள்ளதை வாங்குங்கள். வண்ண விளக்குப் பெட்டிக்குக் கொடுக்க நினைத்த வெள்ளியை இதில் போடுங்கள். விளக்கில்லாமலும் விளையாடலாம், மின்சாரம் இல்லாமல் முடியாது!