நிரலில் பதம் பிரித்தல்

கணினி நிரலும் ஒரு வகையில் நூல்தான். நூலுக்கு இயல்கள் போல நிரலுக்குச் செயற்கூறுகள். நம் பிள்ளைகள் 'ஃபங்ஷன்' என்று சொல்வது இதைத்தான். ஒரு பெயரின் கீழ் ஒரு வேலையை மட்டும் செய்யும் பகுதி அது. நீண்ட நிரலிலிருந்து அப்படி ஒரு கூறை மட்டும் சிதையாமல் பிரித்தெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாத்திர வியாபாரிக்கு இது எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பாத்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 1,000 ரூபாய்ப் பாத்திரத்துக்கு வரி 120 ரூபாயாக இருந்தது, 50 ஆயிற்று. பில் போடும் நிரல் மாறாவிட்டால் வாடிக்கையாளரிடம் 70 ரூபாய் அதிகம் வாங்கிவிடுவோம். எங்கள் கடை நிரல் பைத்தான் மொழியில் எழுதியது. எழுதிய பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். வரிக் கணக்குக் கூறைத் தனியே எடுத்து, பழைய பில்களை வைத்துச் சோதித்த பிறகுதான் கை வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

பைத்தானில் கூறு 'டெஃப்' என்ற சொல்லில் தொடங்கும். அப்படியானால் ஒரு டெஃப்பிலிருந்து அடுத்த டெஃப் வரை வெட்டினால் போதாதா? போதாது. இரண்டு கூறுகளுக்கு நடுவே எதிலும் சேராத வரிகள் இருக்கலாம். அவையும் ஒட்டிக்கொண்டு வரும். கூறுக்குள்ளேயே இன்னொரு கூறு இருக்கலாம். வெட்டு பாதியில் விழும். மேற்கோள் குறிக்குள் 'டெஃப்' என்று வந்தால் அது வெறும் எழுத்து, கட்டளை அல்ல.

தமிழில் 'தாமரை'யைத் 'தா', 'மரை' என்று வெட்டினால் பூ போய்த் தாவும் மான் வந்து நிற்கும். நன்னூலில் பவணந்தி முனிவர் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்தது இலக்கணம் பார்த்துப் பிரிப்பதற்காகத்தான். நிரலுக்கும் அதே நியாயம்.

பைத்தானுடன் வரும் 'ஏஎஸ்டி' என்ற தொகுதி இதற்கு உதவுகிறது. நிரல் முதலில் சொல் சொல்லாகப் பிரிக்கப்படுகிறது. வரித் தொடக்கத்தில் இடைவெளி கூடினால் உள்ளே போகிறோம், குறைந்தால் வெளியே வருகிறோம் என்று பொருள். பிறகு இலக்கண விதிப்படி எல்லாம் ஒரு மரமாக அடுக்கப்படுகிறது. நிரலை ஓட்டவே வேண்டாம், படித்தால் போதும். மரத்தில் ஒவ்வொரு கூறும் ஒரு கிளை. அது தொடங்கும் வரி எண் கிளையிலேயே இருக்கும். 2019-ல் வந்த பைத்தான் 3.8 முதல் முடியும் வரி எண்ணும் கிடைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுதியவர் நடுநடுவே வைத்த குறிப்புகள் மரத்தில் ஏறுவதில்லை. மரத்திலிருந்தே நிரலைத் திரும்ப எழுதச் சொன்னால் அவையெல்லாம் போய்விடும். ஆகவே மரத்திடம் வரி எண்ணை மட்டும் கேட்டு, வரிகளை மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

எடுத்த கூறு உடனே தனியாக ஓடிவிடாது. அதில் வரும் பெயர்களில், உள்ளேயே பிறந்தவற்றையும் பைத்தானுக்கே உரியவற்றையும் கழித்தால் மிஞ்சுபவை வெளியிலிருந்து வருபவை. எங்கள் கூறில் மிஞ்சியவை இரண்டு: வரி விகித அட்டவணை, பைசாவை முழு ரூபாயாக்கும் இன்னொரு கூறு. அவற்றையும் சேர்த்து ஓட்டியபோது பழைய பில்கள் பைசா பிசகாமல் வந்தன.

மாற்ற வேண்டியது கூறு அல்ல, அட்டவணைதான் என்பது அப்போது தெளிவாயிற்று. அதிலும் 12-ஐ அழித்து 5 போட்டால் தவறு. செப்டம்பர் 22-க்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதம்தானே? தேதியோடு புது வரி ஒன்று சேர்த்தோம், அவ்வளவுதான்.

வெளி மாநிலங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் எழுதி வாங்கும்போது ஓடும் நிரலோடு மூல நிரலையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மூலம் கையில் இருந்தால் பிரித்துப் பார்க்கலாம். பிரித்துப் பார்த்தால் திருத்தலாம்.