பரண்மேல் கிடக்கும் பழைய ரம்பம்: தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க!

தாத்தா வைத்திருந்த கை ரம்பம் ஒன்று உங்க வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ கிடக்கிறதா? துருப்பிடித்து, பல் மழுங்கி, "இனி எதுக்கு ஆகும்?" என்று பழைய இரும்புக் கடைக்குப் போடலாமா என யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. நல்ல இரும்பில் செய்த ரம்பம் என்றால், பல் தீட்டினால் போதும், மறுபடியும் மரம் அறுக்கும். நீடாமங்கலம் மாதிரி ஊர்களில் அந்த வேலை தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன கேட்பது, பதிலுக்கு நீங்கள் அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

தீட்ட முடியுமா? முதலில் சோதியுங்க

எல்லா ரம்பத்தையும் தீட்ட முடியாது. இப்போது கடைகளில் விற்கும் பல ரம்பங்களின் பல் நுனி சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் பல் மட்டும் நீலம் கலந்த கறுப்பாகத் தெரியும். அதில் அரம் ஏறாது. மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

சந்தேகம் இருந்தால், கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள கடைசிப் பல்லில் அரத்தை லேசாக ஒரு இழுப்பு இழுங்க. அரம் கடித்து இரும்புத்தூள் வந்தால் தீட்டலாம். கண்ணாடிமேல் போவது போல வழுக்கினால் முடியாது.

மேல் துருவுக்கு மண்ணெண்ணெய் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தால் போதும். பல் இருக்கும் ஓரத்தில் துரு குழி விழுந்திருந்தால் பல் நிற்காது. ஒரு எச்சரிக்கை: துருவை எடுக்க ரம்பத்தை நெருப்பில் காட்டாதீங்க. இரும்பின் விறைப்பு போய்விடும்.

சாணைக்கல் வேண்டாம், அரம்தான் வேண்டும்

தெருவில் சாணை பிடிக்க வருபவர் கத்தி, அரிவாள்மனையைப் பளிச்சென்று தீட்டித் தருவார். ஆனால் ரம்பத்துக்குச் சுழலும் சாணைக்கல் ஆகாது. பல் நுனி சூடாகிக் கெட்டுவிடும், வடிவமும் போய்விடும். ரம்பத்துக்கு முக்கோண அரம் வேண்டும். ஒவ்வொரு பல்லாகத்தான் போட முடியும்.

டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அறுவடை இயந்திரம் வருவதற்கு முன், கதிர் அறுக்கிற கருக்கரிவாளைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்துக் கருக்கு வெட்டி வாங்குவார்களே, அதே கணக்குதான்.

வேலை நான்கு கட்டமாக நடக்கும்:

1. சமப்படுத்துதல்: பற்களின் மேல் தட்டை அரத்தை ஓட்டி, எல்லாப் பல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது.

2. வடிவம் எடுத்தல்: தேய்ந்து சின்னதும் பெரியதுமாக ஆன பற்களை முக்கோண அரத்தால் ஒரே அளவாக்குவது.

3. பல் விரித்தல்: ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என மாற்றி மாற்றி லேசாகச் சாய்ப்பது. இதனால் அறுக்கும் வழி ரம்பத்தின் தடிமனைவிட அகலமாகும், ரம்பம் நடுவில் சிக்காது. பச்சை மரத்துக்கு விரிப்பு கொஞ்சம் கூட வேண்டும், காய்ந்த மரத்துக்குக் குறைவாகப் போதும்.

4. கூர் போடுதல்: மரத்தின் நார்ப்போக்கிலேயே நீளவாக்கில் கிழிக்க வேண்டுமென்றால் அரத்தை நேராகப் போடுவார்கள். நாருக்குக் குறுக்கே அறுக்க வேண்டுமென்றால் சாய்த்துப் போடுவார்கள். அப்போது ஒவ்வொரு பல்லும் சின்னக் கத்தி மாதிரி ஆகும்.

அதனால் கொடுக்கும்போதே, "வேலிக்கு மூங்கிலும் கிளையும் குறுக்கே வெட்டணும்" அல்லது "பலகை கிழிக்கணும்" என்று சொல்லிவிடுங்க.

யாரிடம் கொடுப்பது?

தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் என எந்தப் பக்கம் போனாலும் நீடாமங்கலத்தைத் தாண்டுகிறவர்கள் அதிகம். ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ரம்பம் தீட்டுபவர் கடைப் பலகை மாட்டியிருக்க மாட்டார், போனில் தேடினால் கிடைக்க மாட்டார். மரவாடியிலோ, மரம் அறுக்கும் மில்லிலோ, ஹார்டுவேர் கடையிலோ கேளுங்க. "கை ரம்பத்துக்கு அரம் போடுறவர் யார்?" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

கொடுக்கும் முன் மூன்று விஷயம்:

• கூலியையும் திரும்பத் தரும் நாளையும் முன்பே பேசிக்கொள்ளுங்க.

• பஸ்ஸில் கொண்டுபோகும்போது, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்துப் பல்மேல் மாட்டிக் கட்டுங்க. பக்கத்தில் நிற்பவருக்குக் காயம் ஆகக் கூடாது.

• வாங்கும்போது ஒரு மரத்துண்டை அறுத்துப் பாருங்க. நேராகப் போனால் சரி. ஒரே பக்கமாக இழுத்தால் பல் விரிப்பு இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று அர்த்தம். அங்கேயே சொன்னால் சரிசெய்து தருவார்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பே தீட்டிவிட்டால், பூஜை முடிந்ததும் வேலைக்குத் தயார்.

தீட்ட முடியாத ரம்பத்தை என்ன செய்வது?

அப்படியே குப்பையில் போடாதீங்க. பையில் கைவிட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழித்துவிடும். பல்மேல் தடித்த அட்டையைச் சுற்றிக் கட்டி, பழைய இரும்புக் கடையில் கொடுங்க. குப்பை வண்டியில்தான் தருகிறீர்கள் என்றால் தனியாக, வாய்விட்டுச் சொல்லிக் கையில் கொடுங்க.

உங்க போனால் அவருக்கு ஒரு உதவி

மின்சார ரம்பம் வந்த பிறகு அரம் பிடிக்கிற கைகள் குறைந்துவிட்டன. இருப்பவர்களில் பலர் வயதானவர்கள். அவர்களில் எத்தனை பேர் நலவாரியத்தில் பதிந்திருப்பார்கள்?

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-இல் தொடங்கப்பட்டது. கட்டட வேலை செய்யும் தச்சர், மரம் அறுப்பவர், கொல்லர் ஆகியோர் இதில் சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பின் மாத ஓய்வூதியமும் உண்டு. ஆனால் பதிவு 18 முதல் 60 வயதுக்குள் முடிந்திருக்க வேண்டும். 60 தாண்டிவிட்டால் புதிதாகச் சேர முடியாது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

பதிவைத் தொழிலாளர் துறையின் நலவாரிய இணையதளத்தில் போனிலேயே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம், பணிச்சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. ஏற்கனவே பதிந்தவர் என்றால், அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்க.

சொந்தமாகப் பட்டறை வைக்க நினைக்கும் 35 வயது நிறைந்த கைவினைஞருக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 3 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், கூடவே 5 சதவீதம் வரை வட்டி மானியம் கிடைக்கும். விவரங்களுக்குத் திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

ரம்பம் தீட்டி முடியும்வரை பட்டறையில் சும்மாதானே உட்கார்ந்திருப்பீங்க? அந்த நேரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க: "ஐயா, நலவாரிய அட்டை இருக்குங்களா?" இல்லை என்றால், போனை எடுத்து அங்கேயே ஆரம்பிச்சுடுங்க.