அணிப் படத்தில் எல்லா முகங்களும் தெரியட்டும்

2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி, பார்டர்-காவஸ்கர் கோப்பையை இந்திய அணி தக்கவைத்துக்கொண்டது. அணித் தலைவர் அஜிங்க்ய ரஹானே கோப்பையை வாங்கியதும், அந்தப் போட்டியில்தான் டெஸ்ட் களத்தில் அறிமுகமாகியிருந்த நடராஜனின் கையில் கொடுத்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நெசவுத் தொழிலாளி மகன் கோப்பையுடன் நிற்கும் காட்சி கொங்கு மண்டலமெங்கும் கொண்டாடப்பட்டது.

அணியின் படம் வெற்றியின் நினைவுச் சின்னம் மட்டுமல்ல. யார் யாரெல்லாம் அணியில் இருந்தார்கள் என்பதற்கான ஆவணமும்கூட. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணியின் படத்தில் பல்வங்கர் பாலுவும் இருக்கிறார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த அவருக்குப் பூனாவில் தேநீர் இடைவேளையின்போது வெளியே, தனிக் குவளையில்தான் தேநீர் தரப்பட்டது. ஆனால், படத்தில் மகாராஜாவும் அவரும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள்.

சட்டகத்துக்குள் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. முகமும் தெரிய வேண்டும். நம் பள்ளி, கல்லூரி அணிகளின் படங்கள் பல இங்கேதான் தவறுகின்றன. பரிசளிப்பு முடிந்ததும் உச்சிவெயிலில் அணியை நிறுத்திப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. ஈரோடு ஏறத்தாழ 11.3 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் 12.20 மணியளவில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். தொப்பி அணிந்தவரின் முகம் பாதி இருளில் போய்விடும்.

வெள்ளைச் சீருடை இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. காட்சியின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடும் கேமரா, வெண்மை மிகுந்திருந்தால் படத்தின் ஒளியைக் குறைத்துக்கொள்ளும். சீருடை சரியாகத் தெரியும். கறுத்த முகம் மங்கிவிடும். இந்தப் பாரபட்சம் பழையது. கோடாக் நிறுவனத்தின் வண்ண அச்சுகளைச் சரிபார்க்கப் பயன்பட்ட 'ஷெர்லி' அட்டைகளில் நீண்டகாலம் வெள்ளைத் தோல் பெண்களின் படமே அளவுகோலாக இருந்தது.

தீர்வுகள் எளியவை. ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானமானாலும், கிராமத்துக் கபடிக் களமானாலும் காலை முதல் ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும் ஏற்றவை. பகலில்தான் எடுக்க வேண்டுமென்றால் கட்டடத்தின் சீரான நிழலுக்கு அணியை அழைத்துச் செல்லலாம். மரத்தடி நிழலில் இலைகளின் ஊடே விழும் வெயில் முகங்களில் திட்டுத்திட்டாகப் படியும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. கைபேசியில் எடுப்பவர் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, ஒளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். மிக அருகே நின்று அகன்ற கோணத்தில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் உருவம் இழுபடும். நாலடி பின்னே நகர்வதே நல்லது. யாராவது ஒருவர் கண் இமைத்திருப்பார் என்பதால் ஐந்தாறு முறை எடுக்க வேண்டும்.

குழுப் படம் முடிந்ததும், அதே நிழலில் ஒவ்வொருவரையும் தனியே, அவரவர் கண் உயரத்தில் எடுக்க ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். களத்தில் இறங்க வாய்ப்பே கிடைக்காத மாற்று வீராங்கனைக்கும் அந்த ஒரு நிமிடம் உரியது.

இறுதியாக, பெயர்கள். பல பள்ளிகளின் சுவர்களில் தொங்கும் பழைய படங்களில் தலைமையாசிரியரின் பெயர் இருக்கிறது. ஆடியவர்களின் பெயர் இல்லை. வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக, எல்லாப் பெயர்களையும் ஆண்டையும் படமெடுத்த அன்றே எழுதிவைக்க வேண்டும். பள்ளிப் பருவத்தோடு விளையாட்டை நிறுத்திவிட்டு விசைத்தறிக்கோ திருமணத்துக்கோ செல்லும் பிள்ளைகளுக்கு, தாம் ஓர் அணியில் ஆடியதற்கு எஞ்சும் சான்று பெரும்பாலும் அந்த ஒரு படம்தான்.