கால்சட்டைக்குள் ஆறு

இமாசல ஆறுகளில் டிரவுட் மீன் பிடிக்க இறங்குபவர்களை ரப்பர் உடை மூழ்கடிப்பதில்லை. அது தரும் அசட்டுத் துணிச்சல்தான் மூழ்கடிக்கிறது.

மே மாதத்துக் காலை. குலு மாவட்டத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஆறு முழங்கால் ஆழத்தில் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். டெல்லியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஆசாமி, மார்பு வரை ஏறும் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தூண்டிலோடு இறங்குகிறார். கால் நனையவில்லை. குளிரும் அவ்வளவாக உறைக்கவில்லை. நாலு அடி போனால் எதிர்ப்பாறையின் நிழலில் நிற்கும் மீனுக்குத் தூண்டில் எட்டும். நாலு அடி வைக்கிறார். பிறகு இன்னும் நாலு அடி. ஆபத்து ஆரம்பிப்பது இந்த இரண்டாவது நாலு அடியில்தான்.

இந்த உடைக்கு ஆங்கிலத்தில் 'வேடர்ஸ்' என்று பெயர். நம்மூர் வேடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீரில் இறங்கி நடப்பதற்கானது என்பதே பொருள். தொடை வரை, இடுப்பு வரை, மார்பு வரை என்று மூன்று உயரங்களில் கிடைக்கிறது. ரப்பர், நியோப்ரீன், வியர்வையை வெளியே விடும் நவீனத் துணி என்று ரகங்கள். இதற்குத் தேவை இல்லாமல் இல்லை. டிரவுட் குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் மீன். பனி உருகி வரும் அந்த நீரில் வெறுங்காலோடு அரை மணி நேரம் நிற்பது பெரும்பாடு.

டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. பிரிட்டிஷார் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து கொண்டுவந்தது. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகள் காஷ்மீரில் பொரிந்தன. 1909 வாக்கில் குலுவுக்கும் டிரவுட் வந்து சேர்ந்தது. நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்ததும் அதே காலகட்டத்தில்தான். இன்று இமாசல மீன்வளத் துறையிடம் லைசென்ஸ் வாங்கித் தூண்டில் போடலாம். இனப்பெருக்கக் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி முடிய தடை. அதாவது, மலையில் பனி உருக ஆரம்பிக்கும்போதுதான் கீழே தூண்டில் சீசனும் ஆரம்பிக்கிறது. சிக்கலே அதுதான்.

கட்டுக்கதையும் பெல்ட்டும்

வேடர்ஸ் பற்றி ஒரு பழைய பயம் உண்டு: உள்ளே தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டியது போல ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது. இன்னொன்று: பாதத்தில் அடைபட்ட காற்று ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும் என்பது. அமெரிக்காவின் பிரபல தூண்டில் நிபுணர் லீ வுல்ஃப் (1905-1991) இதைப் பொய்யென்று நிரூபிக்க, வேடர்ஸ் அணிந்தபடியே ஒரு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துக் காட்டினார். முழுசாகக் கரையேறவும் செய்தார்.

விளக்கம் எளிது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. உள்ளே புகுந்த நீரும் வெளியே ஓடும் நீரும் ஒன்றுதான். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை. ஆனால் அதோடு நிம்மதி அடைந்துவிட முடியாது. தண்ணீர் நிரம்பிய கால்சட்டையோடு காலை உதைத்து நீந்துவது கடினம். கரையில் ஏறும்போதோ உள்ளிருக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோவாகிறது. 20 லிட்டர் புகுந்திருந்தால் 20 கிலோ. களைத்துப்போனவர் கரையைத் தொட்ட பிறகும் எழ முடியாமல் வழுக்கித் திரும்ப விழுவது இதனால்தான். எழுந்து நிற்க முயலக் கூடாது. தவழ்ந்து ஏறி, மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி நீரை வடியவிட்ட பிறகே எழ வேண்டும்.

தண்ணீரை வெளியே நிறுத்தும் முக்கியமான சாதனம் விலையில் மிக மலிவானது: இடுப்பில் கட்டும் பெல்ட். அதை இறுக்கமாகக் கட்டியிருந்தால், விழுந்தாலும் உள்ளே சட்டென்று நீர் நிரம்பாது. கொஞ்சம் காற்றும் தங்கி மிதக்க உதவும். ஆனால் கடையிலிருந்து வந்த பையிலேயே பெல்ட்டை விட்டுவிட்டு இறங்குபவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. படகில் போகும்போதும் ஆழம் தெரியாத இடத்திலும் பெல்ட் மட்டும் போதாது. உயிர்காப்பு ஜாக்கெட் அவசியம்.

காலுக்குக் கீழே

ஆற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்காலில் சாதுவாக இருக்கும் நீர், தொடைக்கு ஏறும்போது முரடாவது இதனால்தான்: தள்ளுவதற்கு அதற்கு அதிகப் பரப்பு கிடைக்கிறது; உடல் மிதக்க முற்படுவதால் தரையில் பிடிப்பும் குறைகிறது. தொளதொளவென்ற வேடர்ஸ் பரப்பை இன்னும் கூட்டுகிறது.

ஆகவே நிற்கும் விதம் முக்கியம். ஓட்டத்துக்குப் பக்கவாட்டில், உடலின் குறுகிய பக்கத்தைக் காட்டி நிற்க வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்த வேண்டும். ஒரு காலுக்குக் குறுக்கே மறு காலைக் கொண்டுபோகக் கூடாது. கையில் ஒரு கழி, ஓட்டம் வரும் பக்கமாக ஊன்றியபடி. கழியும் இரு கால்களுமாக மூன்று ஊன்றுகோல்களில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் நகரலாம். ஆற்றைக் கடப்பதானால் நேர் குறுக்காக முட்டாமல், ஓட்டத்தோடு சற்றுச் சாய்வாகக் கீழ்நோக்கிப் போவது சுலபம். ஒரு எச்சரிக்கை: ஓட்டத்தோடு இறங்கிய இடத்துக்கு, ஓட்டத்தை எதிர்த்து அதே வழியில் திரும்ப முடியாமல் போகலாம். திரும்பும் வழியை இறங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பாசி படிந்த உருண்டைக் கல்லில் சாதாரண ரப்பர் அடிப்பாகம் வழுக்கும். உலோகக் குமிழ்கள் பதித்தவை பிடித்துக்கொள்ளும். கம்பளி போன்ற ஃபெல்ட் அடிப்பாகமும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரம் காயாமல் ஒரு ஆற்றின் பாசியை இன்னொரு ஆற்றுக்குச் சுமந்து போகும் என்பதால் நியூஸிலாந்து 2008-ல் அதைத் தடை செய்தது.

விழுந்துவிட்டால்

குளிர்நீரில் விழுந்தவரின் கதையை கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் மூன்று எண்களில் அடக்கினார்: 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது தலையை நீருக்கு மேலே வைத்து மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவது ஒன்றே வேலை. அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். உறையும் நீரில்கூட உடல் வெப்பம் இழந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகலாம். பலர் சாவது அந்தக் கடைசி மணியில் அல்ல, முதல் நிமிடப் பீதியில்.

வேகமான ஓட்டத்தில் எழுந்து நிற்க முயல்வது மிகப் பெரிய தவறு. இரு கற்களுக்கு இடையில் பாதம் மாட்டிக்கொண்டால், ஓட்டம் ஆளை முன்பக்கம் சாய்த்து அமுக்கிவிடும். தூண்டிலை விட்டுவிட வேண்டும். அது எவ்வளவு விலையானாலும் சரி. மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தை நீர்மட்டத்துக்கு உயர்த்தி மிதக்க வேண்டும். பாறையில் மோதினால் கால் மோதட்டும், தலை வேண்டாம். கைகளால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்கி, ஓட்டம் தணிந்து ஆழம் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகே ஊன்றி எழ வேண்டும்.

மேலே திறக்கும் கதவு

இத்தனையும் தெரிந்தவருக்கும் தப்ப முடியாத ஆபத்து ஒன்று உண்டு. தீர்த்தன், பியாஸ் நதியில் கலக்கும் இடம் லார்ஜி. அங்கே 126 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணை. 2014 ஜூன் 8 மாலை, அணைக்குக் கீழே தலௌட் அருகே, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் ஆற்றுப் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவ மாணவியரும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். உடல்களைத் தேடும் பணி வாரக்கணக்கில் நீடித்தது. உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அவர்கள் மீன் பிடிக்க வந்தவர்கள் அல்ல. வேடர்ஸ் அணிந்திருக்கவும் இல்லை. ஆனால் தூண்டில்காரர் நிற்பதும் அதே மாதிரிப் பாறைகளில்தான். கரைக்கு இன்னும் தள்ளி, நடு ஆற்றில், ஓட முடியாத உடையில். அணைக்குக் கீழே நிற்பவர் சங்கொலியை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. ஓட்டத்தின் இரைச்சலில் சங்கு காதில் விழாமல் போகலாம்.

அணை இல்லாத ஆறும் நேரத்துக்கு நேரம் மாறும். பகல் வெயிலில் உருகும் பனி, பிற்பகலிலும் மாலையிலும் கீழே வந்து சேர்கிறது. காலையில் சிரித்துக்கொண்டே கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓட்டத்தின் சத்தம் மாறுவது: ஆறு முன்கூட்டியே சொல்லும் தகவல்கள் இவை.

இவற்றைக் கவனிக்கப் பழகாதவருக்கும் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. இறங்கும் முன், நீர்விளிம்பில் காய்ந்த கல் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்வது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்ப்பது. கல் நனைந்திருந்தால், அந்தக் கணமே கரைக்கு வந்துவிட வேண்டும். தூண்டிலில் மீன் இழுத்துக்கொண்டிருந்தாலும்.